ஜப்பானுக்கு இங்கிலீஷ் டீச்சரா போறவங்களுக்கு

டோக்கியோ பக்கத்து ஏர்போர்ட்டான நரிதாவிலோ ஹனேடாவிலோ இறங்கும்போதே ரெசிடென்ஸ் கார்டு, அதாவது அங்க தங்குறதுக்கான அடையாள அட்டை, கைக்கு வந்துடும். அதுல முகவரி இருக்காது. வீடு அமைஞ்ச 14 நாளுக்குள்ள நகராட்சி அலுவலகத்துல பதிஞ்சா, கார்டின் பின்பக்கம் எழுதித் தருவாங்க. அதுக்கு அப்புறம்தான் பேங்க் கணக்கு, மாசக் கட்டண சிம் எல்லாம்.

நம்மாளுங்க அதிகம் மாட்டிக்கிறது பேர்லதான். இனிஷியல் பழக்கத்தால பாஸ்போர்ட்ல குடும்பப்பெயர் கட்டம் காலியா கிடக்கும், இல்லன்னா அப்பா பேர் இருக்கும். அங்க பேங்க்ல பேரைக் கத்தகானாவுல, அதாவது வெளிநாட்டுப் பேர்களை எழுதுற ஜப்பானிய எழுத்துல, கேப்பாங்க. அதுல 'ல்' கிடையாது, 'ரு' ஆயிடும். செந்தில் குமார், 'செந்திரு குமாரு' ஆவார். பேங்க்ல அப்படியும் போன் கடையில 'குமாரு செந்திரு'ன்னும் எழுதினா, கணக்குல இருந்து பில் பிடிக்கிற விண்ணப்பம் திரும்பி வந்துடும். தயவுசெஞ்சு முதல் நாளே ஒரே வடிவத்தை ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வைங்க. எந்தப் படிவமானாலும் அதைப் பார்த்தே நிரப்புங்க.

வாடகைக்கு வீடு பிடிக்கும்போது ஷிகிகின், ரெய்கின்னு ரெண்டு தொகை கேக்கலாம். ஷிகிகின்ங்கிறது முன்பணம். சுத்தம் செய்ற செலவு போக மிச்சம் திரும்பும். ரெய்கின்ங்கிறது வீட்டுக்காரருக்கு நன்றிப்பணம், திரும்பாது. முதல் சம்பளம் வர ஒரு மாசத்துக்கு மேலகூட ஆகலாம், அதுவரைக்கும் கையில காசு வேணும்.

பள்ளிக்கூட விசா வேற, தனியார் உரையாடல் பயிற்சி நிலைய விசா வேற. இதுல இருந்து அதுக்கு மாறினா, குடியேற்ற அலுவலகத்துல விசா வகையை மாத்தின பிறகுதான் வகுப்பெடுக்கணும்.