சின்ன இணைப்பை மாட்டினார்களா என்று கேளுங்கள்

தம்பிக்கு மாத்திரைக்கு அடங்காத வலிப்பு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் மூளைக்குள் எலெக்ட்ரோடு வைத்து, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, அதற்காக இரண்டு வாரம் அவனோடு வார்டில் இருந்தேன். ஸ்கேன், எலெக்ட்ரோடு வைத்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆறாம் நாள் நடந்ததுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

எலெக்ட்ரோடின் நுனியில் தலைமுடியைவிட மெல்லிய, 40 மைக்ரான் கம்பிகள் சிலவற்றையும் சேர்த்து வைக்கத் தனியாகச் சம்மதம் கேட்டிருந்தார்கள். வழக்கமான எலெக்ட்ரோடுக்குப் பல்லாயிரம் நரம்பணுக்களின் இரைச்சல் மொத்தமாகத்தான் கேட்கும், இந்தக் கம்பிக்கு ஒற்றை நரம்பணுவின் மின் துடிப்பே கேட்கும். ஆனால் இது ஆராய்ச்சிக்கு மட்டும், எங்கே வெட்டுவது என்பதை இதை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். படிவத்தில் உள்ளே எங்கேயோ இருந்த அந்த வரியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போடும் முன் நீங்களும் கேட்டுவிடுங்கள். "எனக்கு இல்லாட்டியும் யாருக்காவது ஆகட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் கையெழுத்துப் போட்டான்.

அப்புறம் மாத்திரையைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பு. வலிப்பு வரவே கூடாது என்று இத்தனை வருஷம் வேண்டியவள், சீக்கிரம் வந்துவிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் காலை கழிப்பறைக்குப் போவதற்காக, எலெக்ட்ரோடைப் பதிவுக் கருவியோடு சேர்க்கும் இணைப்புகளைக் கழற்றினார்கள். திரும்பி வந்ததும் ஊழியர் பெரிய இணைப்பை மாட்டினார், மெல்லிய கம்பிகளுக்கான சின்ன இணைப்பு தலையணை ஓரத்திலேயே கிடந்திருக்கிறது. பதினொன்றரைக்கு வலிப்பு. வலிப்பு வந்ததைத் தெரிவிக்கும் பட்டனை அழுத்தினேன், போர்வையை விலக்கினேன், கேமராவை மறைக்காமல் நின்று பெயர் கேட்டேன், நிறம் கேட்டேன், எந்தக் கை முதலில் இழுத்தது என்று குறித்தேன். சிகிச்சைக்கு வேண்டிய பதிவு முழுசாகக் கிடைத்துவிட்டது. ஒற்றை அணுக்களின் பதிவில் மட்டும் ஒன்றுமே இல்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்றார் ஊழியர். அவன் பட்ட பாட்டில் பாதி வீணாகிவிட்டதே என்று எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் இரண்டு இணைப்பையும் நானே விரலால் தொட்டுப் பார்த்தேன். போன் சார்ஜரையும் கட்டில் பக்கத்தில் செருகாதீர்கள், அதன் மின் இரைச்சல் மெல்லிய கம்பிகளின் பதிவில் ஏறிவிடுகிறது.

எட்டாம் நாள் இரவு மறுபடி வந்தது. இந்த முறை எல்லாம் பதிவானது.

இரண்டு நாள் கழித்து, ஆராய்ச்சி செய்யும் இளம் மருத்துவர் கணினியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துக் காட்டினார். ஒரு வரி ஒரு அணு, ஒரு கோடு ஒரு துடிப்பு. வலிப்பு என்றால் எல்லா அணுக்களும் ஒன்றாக வெறிபிடித்துத் துடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். திரையில் அப்படி இல்லை. சில வரிகளில் கோடுகள் அடர்ந்துகொண்டே போயின, சில வரிகள் காலியாகிவிட்டன, இரண்டு மூன்று வரிகள் எதுவுமே நடக்காதது போல் முன்பு இருந்தபடியே ஓடிக்கொண்டிருந்தன. வில்சன் ட்ருக்கோலோ என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளரின் குழு 2011-இல் மனிதர்களிடம் பதிவு செய்து எழுதியதும் இதுதான் என்றார். ஒரு வரி நடுவில் அறுந்திருந்தது, அணு செத்துவிட்டதா என்று பதறிவிட்டேன். இல்லையாம், வலிப்பு முழுசாகப் பிடித்த இடத்தில் துடிப்பின் வடிவமே அகன்று மாறிவிடும், அது அதே அணுதானா என்று மென்பொருளால் அடையாளம் காண முடியாமல் போகும்.

கடைசியில் வலிப்பு நிற்கும் இடம். அதுவரை ஆளுக்கொரு பக்கமாக இருந்த வரிகள் கிட்டத்தட்ட ஒரே நொடியில் காலியாகி, சில விநாடிகள் திரை வெறுமையாக இருந்தது. அந்த இரவு அவன் உடம்பு தளர்ந்து என் கையில் சாய்ந்த நேரம் அது. தம்பி ரொம்ப நேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அதற்கடுத்து முதலில் விழுந்த ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, "இது யாரு, முதல்ல முழிச்சது?" என்று கேட்டான்.