பிங் போகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை

மாமாவின் டிடிபி கடையில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தது நான்தான். இங்க்ஸ்கேப், கிம்ப், தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையே தயார். திங்கள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. "மாப்ள, டிசைன் ஃபோல்டர் வரவே இல்ல. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒண்ணு அவசரமா கேக்குறாங்க, வீட்டு ஆளுங்க கடையிலயே உக்காந்திருக்காங்க."

அந்த ஃபோல்டர் இருப்பது பத்து வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியில். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, வளைகாப்பு, அஞ்சலி என்று கடையின் மொத்த டிசைனும் அதற்குள்தான். கடையில் மீதமிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில், முன்பு யாரோ எஸ்எம்பி என்ற ஃபோல்டர் பகிரும் முறையின் பழைய வெர்ஷனைக் கைமுறையாக இயக்கி வைத்திருந்ததால், அது திறந்துகொண்டிருந்தது. ஆனால் அதில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தது.

போய் உட்கார்ந்தேன். உபுண்டுவின் ஃபைல்ஸ் நிரலில் நெட்வொர்க் பக்கம் வெறுமையாக இருந்தது. இதைப் பார்த்து நான் பயப்படவில்லை. அந்தப் பட்டியலில் ஒரு கருவி தெரியாவிட்டால் அது தன்னை அறிவித்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள், நெட்வொர்க்கிலேயே இல்லை என்று பொருளல்ல. ரவுட்டரில் பெட்டியின் ஐபி முகவரியைப் பார்த்து பிங் அடித்தேன், அதாவது பெட்டி பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. கட்டளை அடிக்கும் டெர்மினலிலிருந்தே ஃபோல்டரை மவுண்ட் செய்யலாம், அதாவது இந்தக் கம்ப்யூட்டரோடு இணைக்கலாம் என்று போனால், அதற்கு ஒரு துணை நிரல் வேண்டும் என்றது. சிஃப்ஸ்-யுடில்ஸ் என்ற தொகுப்பை நிறுவ மறந்திருந்தேன். அதைப் போட்டதும் அடுத்த பிழை வந்தது: எண் 112, "ஹோஸ்ட் இஸ் டவுன்".

இந்த ஒரு வரிதான் என் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது. பிங் போகும் பெட்டியை "செயலிழந்துவிட்டது" என்று சொன்னால், கை தன்னால் வயரைத்தான் தேடும். லேன் கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் வேறு துளையில் செருகினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பெட்டியையும் ஒருமுறை அணைத்துப் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் பெட்டியை அப்படிச் செய்திருக்கவே கூடாது, மறுபடி எழாமல் போயிருந்தால் எல்லாமே போயிருக்கும். அதற்குள் மாமா விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடிய வேலையை நிறுத்திவிட்டு, அதிலேயே போஸ்டரை முடித்து அந்தக் குடும்பத்தை அனுப்பிவைத்தார்.

பிறகுதான் டிமெஸ்ஜி (dmesg) கட்டளையை அடித்து, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்தேன். அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது: மவுண்டில் எந்த வெர்ஷன் என்று குறிப்பிடவில்லை, இயல்பு இப்போது எஸ்எம்பி 2.1 அல்லது அதற்கு மேல், பழைய சர்வர் என்றால் வெர்ஸ்=1.0 (vers=1.0) என்று கொடுக்கவும். பெட்டிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும்தான். புது முறையில் கேட்ட கேள்வி அதற்குப் புரியாததால் இணைப்பைத் துண்டித்தது. பதில் வராததை லினக்ஸ் "ஹோஸ்ட் டவுன்" என்று மொழிபெயர்த்துவிட்டது. நெட்வொர்க் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் கேபிளைத் தொடும் முன் டிமெஸ்ஜியின் கடைசி பத்து வரிகளைப் படியுங்கள். திரையில் வரும் பிழையை விட அங்கே இருப்பது பல மடங்கு உதவும்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு விண்டோஸ் 10-இன் புதிய நிறுவல்களில் எஸ்எம்பி 1-ஐ இயல்பாகத் தருவதை மைக்ரோசாஃப்ட் கைவிடத் தொடங்கியது. லினக்ஸ் கெர்னலும் 4.13-இல் இயல்பு வெர்ஷனை 1.0-இலிருந்து மேலே தூக்கியது.

வெர்ஸ்=1.0 போட்டதும் ஃபோல்டர் திறந்தது. டிசைன்களைத் திறக்க முடிந்தது, மாற்றிச் சேமிக்கத்தான் முடியவில்லை. எல்லாக் கோப்புகளும் வேறு யாருக்கோ சொந்தம் என்று காட்டியது. வழக்கம்போல, கோப்புகள் என் யூசருக்குச் சொந்தம் என்று காட்ட யுஐடி=1000 சேர்த்தேன். ஒன்றும் மாறவில்லை. பெட்டிக்குள் ஓடியது பழைய சாம்பா, எஸ்எம்பி முறையில் ஃபோல்டரைப் பகிரும் நிரல். அது தன்னிடம் இருக்கும் உரிமையாளர் எண்களை யுனிக்ஸ் நீட்டிப்பு என்ற கூடுதல் வசதி வழியாக அப்படியே அனுப்பும். சர்வர் உரிமையாளரைச் சொல்லிவிட்டால் நாம் கொடுக்கும் யுஐடிக்கு அங்கே மதிப்பில்லை. அந்த நீட்டிப்பை நிறுத்தும் நோயுனிக்ஸ் (nounix) என்ற விருப்பத்தையும் சேர்த்த பிறகுதான் எழுத முடிந்தது.

இத்தோடு நிறுத்தி, அந்த வரியை, கம்ப்யூட்டர் எழும்போதே தானாக மவுண்ட் செய்ய வைக்கும் எஃப்ஸ்டேப் கோப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மாமாவும் அதைத்தான் சொன்னார், "ஓடுதுல்ல மாப்ள, விடு." எனக்கு மனசு வரவில்லை. கடையின் பத்து வருஷ உழைப்பு ஓட்டை உள்ள முறையில், எப்போது நிற்கும் என்று தெரியாத பெட்டியில், வேறு பிரதி இல்லாமல் இருந்தது. அன்று மாலையே பெட்டியைப் படிக்க மட்டும் என்று மறுபடி மவுண்ட் செய்து, எல்லாவற்றையும் உபுண்டு கம்ப்யூட்டரில் போட்ட புது டிஸ்க்குக்கும், ஒரு வெளி டிஸ்க்குக்கும் நகலெடுக்கத் தொடங்கினேன். இரண்டு ராத்திரி ஓடியது. இனி உபுண்டுவே சாம்பா வழியாக ஃபோல்டரைப் பகிரும் என்று முடிவு.

சாம்பாவை ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியபோது, கம்பியில் போய்வரும் பொட்டலங்களைப் பார்த்துப் பார்த்தே அந்த நெறிமுறையைக் கண்டுபிடித்தார். இவ்வளவு காலம் கழித்தும் ஒரு சின்னக் கடையின் விண்டோஸும் லினக்ஸும் பேசிக்கொள்வது அந்த உழைப்பால்தான். அதற்கு நன்றி சொல்லாமல் இதை எழுத முடியாது.

இப்போது கதவு மறுபக்கம் மாட்டிக்கொண்டது. விண்டோஸிலிருந்து உள்ளே போக முயன்றால் பாஸ்வேர்டு தவறு என்றது. உபுண்டுவில் மாமாவுக்கு யூசர் உருவாக்கியிருந்தேன். ஆனால் சாம்பா தனக்கென்று தனி பாஸ்வேர்டு பட்டியல் வைத்திருக்கிறது. எஸ்எம்பிபாஸ்வேர்டு (smbpasswd) கட்டளையை மைனஸ் ஏ சேர்த்து அடித்து அங்கேயும் பதிந்தாக வேண்டும். பதிந்தேன். பாஸ்வேர்டு ஏற்றது, ஃபோல்டர் மட்டும் அனுமதி இல்லை என்றது.

ஃபோல்டருக்கு 777 கூடக் கொடுத்துப் பார்த்தேன், அதாவது யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத அனுமதி. பிழை அங்கே இல்லை. புது டிஸ்க்கை என் ஹோம் ஃபோல்டருக்குள் மவுண்ட் செய்திருந்தேன். உபுண்டு 21.04 முதல் புதிய யூசர்களின் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடு வருகிறது, அதாவது வேறு யூசர் அந்த வாசலையே தாண்ட முடியாது. உள் அறையைத் திறந்து வைத்து என்ன பயன்? டிஸ்க்கை ஹோமுக்கு வெளியே இருக்கும் எஸ்ஆர்வி (/srv) ஃபோல்டருக்கு மாற்றினேன். கடைக்காரர்களுக்கு ஒரு குரூப் உருவாக்கி, ஃபோல்டருக்கு 2770 அனுமதி கொடுத்தேன். முன்னால் இருக்கும் 2 முக்கியம். யார் புதுக் கோப்பு போட்டாலும் அது அந்தக் குரூப்புக்கே சொந்தமாகும். சாம்பா அமைப்பில் புதுக் கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் கிரியேட் மாஸ்க்கை 0660 என்று வைத்ததும் ஒருவர் சேமித்ததை மற்றவர் திருத்த முடிந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த மூன்றாம் நாள் மறுபடி மாமா கூப்பிட்டார். விண்டோஸ் டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகளைப் புது ஃபோல்டரில் போட்டால், சில போகின்றன, சில போகவில்லை. போகாதவை எல்லாம் தமிழ்ப் பெயர், அதுவும் நீளமான பெயர். வாடிக்கையாளர் பெயர், ஊர், தெரு, தேதி, "மூன்றாவது திருத்தம்" வரை மாமா பெயரிலேயே எழுதிவிடுவார்.

விண்டோஸ் பெயரின் நீளத்தை எழுத்தலகுகளில் எண்ணும், 255 வரை. லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் எக்ஸ்ட்4 முறையிலும் 255தான், ஆனால் அது பைட் கணக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் 3 பைட். "கண்ணீர்" என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக, ஏழு குறிகள், 21 பைட். தமிழில் மட்டும் எழுதினால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும்.

அன்று ராத்திரி கடையைச் சாத்திய பிறகு நானும் மாமாவும் உட்கார்ந்து, நீளமான பெயர்களை ஒவ்வொன்றாகச் சுருக்கினோம். ஊரும் தெருவும் ஃபோல்டர் பெயராயின, தேதி எண்களாயிற்று. "ஆளு பேரை மட்டும் முழுசா விடு மாப்ள" என்றார். விட்டேன். விடியும்போது கடைசிக் கோப்பும் போய்ச் சேர்ந்தது. நாஸ் பெட்டியின் பிளக்கை மாமாவே பிடுங்கினார்.