எஸ்.ஏ.ரி புள்ளியை அனுப்புவதா, எப்போது அனுப்புவது: உயர்தரப் பரீட்சைக்கு நடுவே நாங்கள் எடுத்த முடிவுகள்

இலங்கையின் உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் உயர்தரம் படிக்கிற பிள்ளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது கொஞ்சம்தான். சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலையின் தவணைப் புள்ளிகள், ஆசிரியர்களின் கடிதங்கள். என் மகளின் உயர்தரப் பரீட்சை 2024 நவம்பர் 25 தொடங்கியது. மழையால் இடையில் நிறுத்தப்பட்டு டிசெம்பர் கடைசி வரை இழுபட்டது. பெறுபேறு வந்தது 2025 ஏப்ரல் 26. ஆனால் யாருக்கு எவ்வளவு புலமைப்பரிசில் என்பதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மார்ச்சுக்குள் முடிவுசெய்துவிடும். அதனால் எங்கள் பிள்ளைகளை அவர்களுக்குப் பழகிய அளவில் காட்டக்கூடிய எண், அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கென்று எழுதுகிற எஸ்.ஏ.ரி பரீட்சையின் புள்ளி ஒன்றுதான்.

2020 இல் கொரோனா வந்த பிறகு நிறையப் பல்கலைக்கழகங்கள் புள்ளி அனுப்புவதை விருப்பத்துக்கு விட்டுவிட்டன. எம்.ஐ.ரி 2022 இல் திரும்பக் கட்டாயமாக்கியது, ஹார்வர்ட் 2024 இல். யூ.சி என்கிற கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் (University of California) அனுப்பினாலும் அனுமதிக்குப் பார்க்காது. எங்களுக்கு ஹார்வர்ட் கதை தேவைப்படவில்லை. அந்த வரிசையில் உள்ள ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் திறமைக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. நாங்கள் தேடியது திறமைக்குக் கட்டணத்தைக் குறைக்கும் இடங்களை. அங்கேதான் 'விருப்பமானால் அனுப்பலாம்' என்ற வசனத்தை இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. அனுமதிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருக்கும், புலமைப்பரிசில் பக்கத்தில் வேறொன்று எழுதியிருக்கும். அனுமதிக்குப் புள்ளி தேவையில்லை என்று சொல்லும் அதே பல்கலைக்கழகம், பெரிய தொகைப் புலமைப்பரிசிலுக்குப் புள்ளி கட்டாயம் என்று இன்னொரு மூலையில் போட்டிருக்கும்.

கொழும்பில் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில், அமெரிக்காவில் படிக்க விரும்புகிறவர்களுக்கான எடியுகேஷன் யூ.எஸ்.ஏ ஆலோசனை கிடைக்கும். மற்றப்படி செப்டெம்பரிலேயே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மகள் தன் பெயரில் மின்னஞ்சல் எழுதினாள். கேட்டது மூன்று விஷயம். புலமைப்பரிசிலுக்குக் கடைசியாக எந்த மாதத்துப் பரீட்சையை ஏற்பீர்கள்? இரண்டு தடவை எழுதியதில் சிறந்த பகுதிகளைச் சேர்த்துப் பார்ப்பீர்களா, ஒரே நாளில் எடுத்த மொத்தமா? விண்ணப்பித்த பிறகு புள்ளியைச் சேர்க்கலாமா, அனுப்பியதைத் திரும்ப எடுக்கலாமா?

பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. ஓர் இடத்தில், நவம்பர் 1 க்குப் பிறகு வரும் புள்ளியை அனுமதிக்குப் பார்ப்போம், புலமைப்பரிசிலுக்குப் பார்க்கமாட்டோம் என்றார்கள். இன்னோர் இடத்தில் டிசெம்பர் 1 வரை நேரம் இருந்தது. மூன்றாவது இடம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே அட்டவணையே போட்டிருந்தார்கள்: ஒரே நாளில் 1350 எடுத்தால் இவ்வளவு, 1420 எடுத்தால் இவ்வளவு என்று. பின்னர் சேர்ப்பது பற்றிப் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வந்தது. புள்ளியில்லாமல் விண்ணப்பித்துவிட்டு, முடிவு எடுக்கும் முன் சேர்க்கலாம். அனுப்பிய புள்ளியை மறக்கச் சொல்வது கஷ்டம். எங்கள் திட்டம் முழுக்க இந்த வித்தியாசத்தின் மேல்தான் நின்றது. சந்தேகமான இடத்தில் முதலில் அனுப்பாமல் விண்ணப்பிப்பது, புள்ளி உயர்ந்தால் சேர்ப்பது.

மகள் ஓகஸ்ட் 24 இல் எழுதினாள். ஆங்கிலப் பகுதி 580, கணிதம் 730, மொத்தம் 1310. தமிழ் மொழிமூலத்தில் கணிதப் பிரிவு படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும், கணிதம் தூக்கும், வாசிப்பு இழுக்கும். ஒக்டோபர் 5 இல் திரும்ப எழுதினாள். பெறுபேறு இரண்டு கிழமையில் வந்தது: ஆங்கிலம் 640, கணிதம் 720, மொத்தம் 1360. அட்டவணைப் பல்கலைக்கழகத்தின் முதல் படியை அது தாண்டிவிட்டது. அங்கே அனுப்புவதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மற்ற இடங்களில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒவ்வொரு வருடமும் 'கொமன் டேற்றா செற்' என்றொரு ஆவணம் வெளியிடும். அதில் சி9 என்ற பகுதியைத் திறந்தால், சேர்ந்த மாணவர்களின் புள்ளி 25 ஆம், 50 ஆம் (இதுதான் நடு எண்), 75 ஆம் சதமானங்களில் எவ்வளவு, எத்தனை வீதம் பேர் புள்ளி அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அந்த வீதத்தைப் பலரும் பார்ப்பதில்லை. கூடப் புள்ளி எடுத்தவர்கள் மட்டும் அனுப்பினால் மூன்று எண்களும் மேலே போய்விடும். நடு எண் 1400 என்று இருக்கிற இடத்தில் அனுப்பியவர்களே கால்வாசிப் பேர் என்றால், அந்த 1400 எல்லா மாணவர்களின் நடு இல்லை. திறமைப் புலமைப்பரிசிலுக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: 75 ஆம் சதமானத்தைத் தொட்டால் யோசிக்காமல் அனுப்பு, நடு எண்ணுக்கு மேலே என்றால் அனுப்பு, 25 க்குக் கீழே என்றால் விடு. இடையில் நிற்கிறது என்றால், பிள்ளையின் மற்றச் சான்றுகள் தனியே நிற்குமா என்று பார். எங்களுக்குச் சாதாரண தரப் பெறுபேறு நன்றாக இருந்தாலும், அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்த மேசையில் இருப்பாரா என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அதனால் நான் அனுப்பும் பக்கமே சாய்ந்தேன்.

ஒக்டோபர் 30 இரவு குசினியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறேன், அடுத்த நாள் தீபாவளி. மகள் மடிக்கணினியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நவம்பர் 1 காரருக்கு இதை அனுப்புவமா, விடுவமா?"

"நடு எண் எவ்வளவு?"

"1350."

"அப்ப போடு பிள்ளை."

கொமன் ஆப் என்ற விண்ணப்பத் தளத்தில் புள்ளியை நாங்களே பதியலாம். ஒவ்வொரு பகுதிக்கும் அதிகூடிய புள்ளியையும் திகதியையும் தனித்தனியாகக் கேட்கும். ஆங்கிலம் 640, ஒக்டோபர் 5. கணிதம் 730, ஓகஸ்ட் 24. அந்த இடத்தில் எங்கள் புள்ளி 1370 ஆகிவிட்டது. அன்றிரவே சமர்ப்பித்தோம். முடிவு நேரம் இரவு 11.59 என்பது விண்ணப்பிக்கிறவர் இருக்கிற ஊர் நேரம், எங்களுக்கு அது கொழும்பு நேரம். அமெரிக்காவில் இன்னும் பகல்தானே என்று காத்திருக்கக் கூடாது.

பிறகு வந்தது நவம்பர் 2 பரீட்சை. பதிவதற்கு இடம் இருந்த நாட்களிலேயே ரொறன்ரோவிலிருந்து என் தம்பி அழைத்தான். "அக்கா, இன்னும் ஒருக்கா எழுதட்டும். 1420 வந்தா வருசத்துக்கு எவ்வளவு காசு மிச்சம்!" அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பரீட்சைக் கட்டணம் அப்போது 68 டொலர், வெளிநாட்டில் எழுதுவதற்கு மேலதிகமாக 43, எங்கள் காசில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதைக்கூடக் கட்டிவிடலாம். ஆனால் உயர்தரத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அமெரிக்காவில் ஒன்றும் சரிவராவிட்டால் அவளுக்கு இருக்கிற வழி மொறட்டுவை பொறியியல் பீடம். அதற்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற இசட் புள்ளி வேண்டும், அந்த வாசல் எஸ்.ஏ.ரி பார்த்துத் திறக்காது. இலவசக் கல்வி என்ற பெரிய உரிமையை, கிடைக்குமோ தெரியாத அறுபது புள்ளிக்காக அடகு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மகளும் பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள்களோடு இருந்தாள். எழுதவில்லை. டிசெம்பர் 7 பரீட்சை உயர்தரத்தின் நடுவிலேயே விழுந்தது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டிசெம்பர் 1 காரருக்குப் புள்ளி இல்லாமலே போட்டோம். அங்கே 25 ஆம் சதமானமே 1390, அனுப்பியவர்களும் பாதிக்கு மேல்.

எஸ்.ஏ.ரி நடத்துகிறவர்கள் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்பும் உத்தியோகபூர்வப் புள்ளி அறிக்கை பற்றி ஒரு சொல். பரீட்சை முடிந்து ஒன்பது நாளுக்குள் தெரிவுசெய்தால் நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்புவார்கள். ஆனால் அப்போது புள்ளி என்னவென்று உங்களுக்கே தெரியாது. புலமைப்பரிசிலுக்கு முயல்கிறவர்கள் அந்த இலவசத்தை விட்டுவிட்டு, பெறுபேறு பார்த்த பிறகு காசு கட்டி அனுப்புவதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். சுயமாகப் பதிந்த புள்ளியைப் பல இடங்கள் ஏற்கின்றன, சேர்வது உறுதியானால் மட்டும் உத்தியோகபூர்வமாகக் கேட்கும்.

மார்ச்சுக்குள் எல்லாம் வந்துவிட்டது. அட்டவணைப் பல்கலைக்கழகம் சொன்ன தொகையைச் சொன்னபடி கொடுத்தது. நவம்பர் 1 இடம் அதைவிடக் கூடக் கொடுத்தது. புள்ளி அனுப்பாத இடம் அனுமதி தந்தது, பணம் தரவில்லை. ஏப்ரல் 26 சனிக்கிழமை உயர்தரப் பெறுபேறு வந்தபோது, பல்கலைக்கழகங்களுக்கு மே 1 க்குள் பதில் சொல்ல ஐந்து நாள் இருந்தது. மொறட்டுவையும் எட்டக்கூடிய பெறுபேறு. வீட்டில் நித்திரையில்லாத ஐந்து நாள் அது. கடைசியில் அவளே நவம்பர் 1 இடத்தைத் தெரிந்தாள்.

அறிக்கையை அனுப்பியபோது, விண்ணப்பத்தோடு பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். எஸ்.ஏ.ரி பதிவில் அதே வரிசை, கொமன் ஆப்பில் மாறி இருந்தது. கடவுச்சீட்டின் பிரதியையும் பிறந்த திகதியையும் அனுப்பியதும் சரிசெய்து தந்தார்கள். முதலெழுத்தோடு பெயர் எழுதுகிற எங்கள் வீடுகளில் இரண்டு பதிவையும் ஆரம்பத்திலேயே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஓகஸ்ட் பரீட்சைக்குப் பதிகிற அன்றே.