78 ஷெவி பிக்கப்புக்கு நானே செய்த ரூஃப் லைனிங்

ஆறு வார இறுதிகள் ஆகிவிட்டன, ஒருவழியாக நேற்று மாலை லைனிங், அதாவது கூரையின் உள்பக்கத் தகரத்தை மறைக்கும் துணி விரிப்பு, மேலே ஏறிவிட்டது. இன்னும் ஒரு ஓரம் பாக்கி இருக்கிறது, ஆனாலும் நடந்ததெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டி 1978 ஷெவர்லே சி10, நான் இருப்பது டெக்சாஸ், சான் அன்டோனியோ. 1973 முதல் 1987 வரை வந்த அந்தச் சதுர உடம்புக்காரன், இங்கே எல்லாரும் ஸ்கொயர்பாடி என்றுதான் சொல்வார்கள். என்னுடையது கஸ்டம் டீலக்ஸ். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்த வரிசையிலேயே விலை குறைந்தது அதுதான். மேல் மாடலான சில்வராடோவில் கூரைக்கு லைனிங் உண்டு, இதில் பெயின்ட் அடித்த வெறும் தகரம்தான் வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஃபோம் ஒட்டிய துணியை வாங்கி நேராகத் தகரத்தில் ஒட்டியிருக்கிறார். நான் வாங்கும்போதே அது பந்தல் துணி மாதிரி தொங்கி, பின் கண்ணாடியில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது.

அதைப் பிடித்து இழுத்ததும் துணி முழுசாக வந்துவிட்டது. தகரத்தில் மிச்சம் நின்றது ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரி ஒரு பொடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லைனிங் தொங்கினால் எல்லாரும் பசையைத்தான் திட்டுகிறார்கள். என் வண்டியில் பசை தகரத்தை விடவே இல்லை, அதைச் சுரண்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செத்துப் போனது நடுவில் இருந்த ஃபோம். அந்த பாலியூரிதேன் ஃபோம் வருடக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் பட்டால் உதிர்ந்துவிடும். அதன் மேல் புதுசாக எவ்வளவு நல்ல பசை அடித்தாலும் பொடியில்தான் ஒட்டும், பொடியோடு சேர்ந்தே கீழே வரும். அதனால் பொடி துளிகூட இல்லாமல் எடுத்தே ஆக வேண்டும். பட்டி பிளேடு, கம்பி பிரஷ், ஸ்பிரிட் நனைத்த துணி, இரண்டு முழு நாள். முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் தலைக்கு மேலே இந்த வேலையைத் தொடாதீர்கள்.

சுரண்டியதில் முன் கண்ணாடிக்கு மேல் விளிம்பில் துரு தெரிந்தது. நல்லவேளை, ஓட்டை விழவில்லை. தேய்த்து, துரு மேலும் பரவாமல் தடுக்கும் துரு மாற்றி திரவம் தடவி, இரண்டு கோட் பிரைமர் அடித்தேன். அப்புறம் பியூட்டைல் ஷீட், அதாவது தகடு அதிர்வதை அடக்க ஒட்டும் ரப்பர் மாதிரி ஷீட். கூரை முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, தகடு அதிர்வது நடுப்பகுதியில்தான். ஒவ்வொரு பகுதியிலும் நடுவில் ஒரு துண்டு என்று மூன்றில் ஒரு பங்கு மூடினேன், விரலால் தட்டினால் வந்த டப்பா சத்தம் அதிலேயே போய்விட்டது. வெப்பத்துக்கு அதன் மேல் 6 மி.மீ. மூடிய அறை ஃபோம், தண்ணீரை உறிஞ்சாத வகை. பளபளவென்று இருக்கும் குமிழ் ஷீட்டைப் பலர் தகரத்தோடு அப்பிவிடுகிறார்கள். அது வெப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் முன்னால் கொஞ்சம் காற்று இடைவெளி வேண்டும், இந்தக் கூரையில் அதற்கு இடம் இல்லை.

திரும்பவும் தகரத்தில் நேராகத் துணி ஒட்ட எனக்கு மனமில்லை. பலகை செய்து, அதில் துணியை ஒட்டி, கழற்றி மாட்டும்படி வைப்பது என்று முடிவு செய்தேன். இதில்தான் நிஜமான வேலையே இருக்கிறது. கூரை இடமிருந்து வலமாகவும் வளைகிறது, முன்னிருந்து பின்னாகவும் வளைகிறது. தட்டையான பலகை ஒரு பக்கம் வளைந்தால் மறுபக்கம் வளையாது, தேங்காய் மேல் காகிதம் சுற்றிப் பாருங்கள், மூலையில் மடிப்பு விழுந்தே தீரும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் மாதிரி வெட்டினேன். முதலில் பாதிக்கு மட்டும் வெட்டி, நடுக்கோட்டில் திருப்பிப் போட்டு மறுபாதியை வரைந்தேன். வைத்துப் பார்த்தால் வலது பக்கம் கிட்டத்தட்ட 1 செ.மீ. குறைந்தது. அந்தக் காலத்துத் தகர உடம்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பக் கூடாது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து வெட்டிய நாலாவது அட்டைதான் சரியாக உட்கார்ந்தது.

பலகைக்கு எடுத்தது 3 மி.மீ. ஹார்ட்போர்டு (மரநாரை அழுத்திச் செய்த பலகை), 4 அடிக்கு 8 அடி ஷீட் ஒன்று. அட்டையை வைத்து வரைந்து ஜிக்சாவில் அறுத்தேன். சொரசொரப்பான பக்கத்தை வெந்நீரில் நனைத்து, இரண்டு ஓரத்துக்கும் கட்டை கொடுத்து, நடுவில் மணல் மூட்டை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் வளைவு அப்படியே நின்றது. முன் மூலைகள் இரண்டிலும் வி வடிவில் மூன்று மூன்று வெட்டு போட்டு, இழுத்துச் சேர்த்து, பின்னால் கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் வைத்து இறுக்கினேன். நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ், இல்லையென்றால் ஈரக்காற்றில் பலகை மறுபடி நெளியும்.

துணியை இரண்டு தடவை ஒட்ட வேண்டியிருந்தது. முதல் தடவை கையில் இருந்த சாதாரண ஸ்ப்ரே பசையை அடித்தேன், பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. பலகையை மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் சீட்டின் மேல் வைத்திருந்தேன். வெளியே 38 டிகிரி என்றால் சாத்திய வண்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டும். ஏழாவது நாள் நடுவில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. மேலே ஏற்றிய பிறகு இது நடந்திருந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றியிருக்க வேண்டும், அதனால் மாட்டும் முன் வெயிலில் சோதிப்பது ரொம்ப முக்கியம். அந்தத் துணி வீண்தான். இரண்டாவது தடவை வெல்ட்வுட் லாண்டாவ் டாப் அண்ட் டிரிம், வண்டிக் கூரைக்கென்றே வரும், சூடு தாங்கும் பசை. பலகையிலும் துணியின் பின்பக்க ஃபோமிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாமல் பிசுக்கென்று இருக்கும் வரை காத்திருக்க வேண்டும், எனக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. துணியைப் பாதியாக மடித்து வைத்து, நடுவில் தொடங்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஓரத்துக்குப் போனேன். அழுத்தித் தேய்த்தால் ஃபோம் அமுங்கி அந்த இடம் பள்ளமாகவே நின்றுவிடும். இதுவும் ஒரு வாரம் வெயிலில் கிடந்தது, ஒரு குமிழ்கூட இல்லை.

நேற்று மச்சான் வந்தான். சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பலகையைக் கொஞ்சம் வளைத்துக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோனோம். அவன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க, சன் வைசர் திருகுகளையும் பின்னால் டோம் லைட்டையும் நான் மாட்டினேன். வெளியே நின்று பார்த்த மகள், “அப்பா, இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு” என்றாள். சரியாகத்தான் சொன்னாள், ஒரு ஓரத்தை 2 மி.மீ. தேய்த்து எடுத்ததும் உட்கார்ந்துவிட்டது.

வீணான முதல் துணியையும் சேர்த்து மொத்தம் 170 டாலர் ஆனது, அதில் பியூட்டைல் ஷீட் மட்டும் 50. ராத்திரி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மகள் சாதாரணக் குரலில் பேசியது முதல் தடவையாக எனக்குத் தெளிவாகக் கேட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாக்கி இருப்பது பின் கண்ணாடிக்கு மேலே வரும் ஓரப்பட்டி. பழையது உடைந்துவிட்டது, மிச்சமிருக்கும் ஹார்ட்போர்டில் ஒன்று வெட்டி, அதே துணியைச் சுற்றி அடுத்த சனிக்கிழமை மாட்டிவிடுவேன்.