மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், 71 நிமிடம்தான் என்றார்கள்

லைசென்ஸ் புதுப்பிக்கக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அந்தச் சர்டிஃபிகேட் சரியான வடிவத்தில் என் மெயிலுக்கு வந்து சேர்ந்தது. வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது, கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இறங்கிவிட்டால் சோம்பேறித்தனம் வந்துவிடும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். மனநலத் துறையில் இருப்பவர்களுக்குத் தொடர்கல்வி வெபினார் என்றால் என்ன, கிரெடிட் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரே வரி: எங்கள் தொழில் லைசென்ஸைப் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் படித்தோம் என்று சர்டிஃபிகேட் காட்டவேண்டும், அந்த மணி நேரக் கணக்குதான் கிரெடிட், அதற்காக இணையத்தில் உட்காரும் வகுப்புதான் வெபினார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் சுற்றில் எனக்குத் தேவைப்பட்டது 40 மணி நேரம். அதில் 35 மணி நேரத்தை ஒரு சிக்கலும் இல்லாமல் முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஐந்து: தொழில் அறநெறி இரண்டு, தற்கொலை அபாய மதிப்பீடு மூன்று. இரண்டும் கட்டாயப் பாடம், இரண்டும் நேரலையில்தான் முடிக்க வேண்டும், ரெக்கார்டிங் பார்த்தால் செல்லாது. இது எனக்கு லைசென்ஸ் கொடுத்த குழுவின் விதி. உங்களுக்கு வேறாக இருக்கலாம், அதனால் என்னைப் பார்த்துக் கணக்குப் போடாமல் உங்கள் விதியை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். நான் அந்தப் பக்கத்தைப் படித்ததே 33-வது மணி நேரத்துக்கு அப்புறம்தான்.

முதலில் அறநெறி. ஜூலையில் ஒரு வெபினார், அமெரிக்காவில் இருந்து நடத்துகிறார்கள், விளம்பரத்தில் 'பகல் 1 மணி ஈ.எஸ்.டி.' (அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம்) என்று போட்டிருந்தது. நானும் பொறுப்பாக ஈ.எஸ்.டி. என்றால் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்னால் என்று எடுத்து, என் நேரத்துக்கு மாற்றி, ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். உள்ளே போனால் பேச்சாளர் 'முதல் பாதியில் பார்த்தோமே' என்று பேசிக்கொண்டிருக்கிறார்! கோடைக்காலத்தில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும், அப்போது அது ஈ.டி.டி., வித்தியாசம் 4 மணி நேரம்தான். ஆனால் அங்கே இருப்பவர்களே பழக்கதோஷத்தில் வருடம் முழுக்க ஈ.எஸ்.டி. என்றே எழுதுகிறார்கள். அவர்களுக்குள் அது பிரச்சினையே இல்லை, வெளியே இருந்து எழுத்துக்கு எழுத்து நம்பிக் கணக்குப் போடுகிற ஆளுக்குத்தான் ஒரு மணி நேரம் போகிறது. சரி, பாதியாவது கிடைக்குமா என்று கேட்டேன். பாதி கிரெடிட் என்று ஒன்று கிடையாது, முழுக்க இருந்தால் முழு கிரெடிட், இல்லையென்றால் பூஜ்யம். கட்டிய பணமும் போச்சு. நேரத்தை நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். பதிவு செய்தவுடன் வருகிற மெயிலில் காலண்டரில் சேர்க்க ஒரு இணைப்பு இருக்கும், அதை அழுத்தினால் உங்கள் நேரத்திலேயே வந்து விழும். அடுத்த வாரம் வேறு இடத்தில் அதே இரண்டு மணி நேரத்தை அப்படித்தான் முடித்தேன்.

நடுவில் இன்னொன்றிலும் ஏமாறப் பார்த்தேன். 'தொடர்கல்வி நேரத்துக்கு ஏற்ற வகையில் வடிவமைக்கப்பட்டது' என்று ஒரு விளம்பரம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் அங்கீகரித்தது, அங்கீகார எண் என்ன என்று தேடினால் பக்கம் முழுக்க எங்கேயும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் மாதிரியான ஓர் அமைப்பு அங்கீகரித்த நிறுவனம் என்றால் அதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார்கள், மறைக்க மாட்டார்கள். 'ஏற்ற வகையில்', 'தகுதி பெறக்கூடும்' என்று வார்த்தை வழுக்கினால் கார்டை வெளியே எடுக்காதீர்கள்.

இப்போது கதைக்கு வருவோம். தற்கொலை அபாய மதிப்பீடு, மூன்று மணி நேரம், நடுவில் பத்து நிமிட இடைவேளை, அது கணக்கில் சேராது. கிரெடிட்டுக்காக மட்டும் நான் உட்காராத ஒரே வெபினார் இதுதான் என்று சொல்லலாம். நான் படித்த காலத்தில் ஆபத்தில் இருக்கும் க்ளையண்ட்டிடம் 'என்னை நானே காயப்படுத்திக்கொள்ள மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தது. நானே வாங்கியிருக்கிறேன். அந்தத் தாள் கோப்பில் இருந்தால் நமக்குத்தான் நிம்மதி, அவர்களைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பேச்சாளர் முதல் கால் மணி நேரத்திலேயே போட்டு உடைத்தார். அதற்குப் பதிலாக ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டத்தை எடுத்துக்கொண்டார், அதாவது தற்கொலை எண்ணம் வரும்போது என்னென்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாள். ஆறு படிகள், க்ளையண்ட்டோடு சேர்ந்து உட்கார்ந்து அவர் வார்த்தையிலேயே எழுதவேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இதை எழுதவைத்து, பிறகு தொலைபேசியிலும் தொடர்ந்து விசாரித்ததில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2018-இல் வந்த ஆய்வையும் காட்டினார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தில், சாகும் எண்ணமோ தன்னைக் காயப்படுத்தும் எண்ணமோ வந்ததா என்று கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டிருந்தால் நாம் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோமே, அதற்கும் ஒரு குட்டு வைத்தார். எனக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒரு நடிப்புப் பயிற்சி. க்ளையண்ட்டாக நடித்தவர் மூன்றாவது படியில் 'எனக்கு யாரும் இல்லை' என்று நின்றுவிட்டார். அங்கேதான் நான் பல வருடமாகக் குழப்பிக்கொண்டிருந்த ஒன்றைப் பேச்சாளர் பிரித்துக் காட்டினார். மூன்றாவது படியில் எழுதும் ஆட்களிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை, மனதைத் திருப்ப அவர்கள் பக்கத்தில் போய் இருந்தால் போதும், ஆட்கள் நடமாடுகிற ஓர் இடமாக இருந்தாலும் சரி. வாய்விட்டு உதவி கேட்கக்கூடிய ஆட்கள் நான்காவது படியில்தான் வருவார்கள். அப்படியானால் அந்த 'யாரும் இல்லை'க்கு என்ன பதில் சொல்வது என்று பேச்சாளர் விளக்க வாயைத் திறக்கிறார், என் லேப்டாப் உறைந்துவிட்டது. 71-வது நிமிடம். பின்னால் இந்த எண்ணை நான் ஜென்மத்துக்கும் மறக்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

ரீஸ்டார்ட் போட்டால் 'புதுப்பிப்பு நிறுவப்படுகிறது, 6 சதவீதம்' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. மொபைலை எடுத்தேன், என் லிங்க் அலுவலக மெயிலில் இருக்கிறது, அந்த மெயில் மொபைலில் இல்லை. அதே வெபினாரில் இருந்த எங்கள் சீனியர் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். உடனே, "என் லிங்க்கை அனுப்புறேன், முதல்ல உள்ள வாம்மா" என்று அனுப்பினார். அழுத்தினேன், திறந்தது, நான்கே நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டேன் என்று பெருமை வேறு. அந்த லிங்க் அவருக்கென்று தனியாக உருவானது, அதன் வழியாக யார் நுழைந்தாலும் அவர் பெயரில்தான் விழும் என்பது அப்போது உறைக்கவே இல்லை. திரையில் முளைத்த இரண்டாவது, மூன்றாவது கேள்விப்பெட்டிகளுக்கு நான் பதில் சொன்னதும் அக்கா பெயரில்தான் போயிருக்கிறது.

அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வேறு ஜன்னலைத் திறந்து மெயில் பார்க்கிறோமா என்று கண்காணிக்கிற வசதி ஜூமில் முன்பு இருந்தது, 2020 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே பெரும்பாலும் நாம் விழித்திருக்கிறோம் என்பதற்குச் சாட்சி இந்தப் பெட்டிகள்தான். தண்ணீர் குடிக்க எழுந்து போய்வருவதற்குள் ஒன்று முளைத்து மறைந்துவிடும். தொலைபேசி எண்ணை அழைத்துக் குரல் மட்டும் கேட்பவர்களுக்கு அது கண்ணிலேயே படாது, அப்படிக் கேட்டுக் கிரெடிட் வாங்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

மறுநாள் மெயில் வந்தது. 'உங்கள் வருகை 71 நிமிடம். பதிலளித்த கேள்வி 1. சர்டிஃபிகேட்டுக்குத் தகுதி இல்லை.' நடந்ததை விளக்கி நீளமாக ஒரு மெயில் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: 'முழு வருகை அவசியம் என்பதை எங்கள் விதிமுறையில் காணலாம்.' யாரும் படிக்கவே இல்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. அக்காவும் நானும் சேர்ந்து ஒரு மெயில் எழுதினோம், அதே வாசகம் திரும்பி வந்தது, இந்த முறை 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் பெயர்கூட இல்லை. அடுத்த நேரலை எப்போது என்று பார்த்தால் லைசென்ஸ் தேதிக்கு அப்புறம். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. பகலில் நாலு பேருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு ராத்திரி நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அப்படிக் கிடந்த மூன்றாவது நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. மொபைலில் நுழைந்ததும் கேள்வி கேட்கும் பகுதியில் நான் ஒன்று தட்டினேனே! பெயர் மாறியதைச் சரிசெய்யவெல்லாம் இல்லை, அவர் சொன்ன பதிலைத் தவறவிட்ட எரிச்சலில்: 'லேப்டாப் நின்றுவிட்டது, தோழியின் லிங்க்கில் வந்திருக்கிறேன், மூன்றாவது படியில் யாரும் இல்லை என்றவருக்கு நீங்கள் சொன்னதை இன்னொருமுறை சொல்லமுடியுமா' என்று எழுதி, பழக்கத்தில் கீழே என் பெயரையும் போட்டிருந்தேன். இடைவேளைக்கு அப்புறம் பேச்சாளர் அதைப் பெயரோடு வாசித்துப் பதிலும் சொன்னார். (ஆளைத் தேடாதே, முதலில் இடத்தைக் கேள், அவர் போய் ஒரு மணி நேரம் உட்காரக்கூடிய இடம் ஒன்று கிடைத்தால் அதையே எழுது என்றார். அந்தப் பதிலுக்காகவே மூன்று மணி நேரம் தகும்.)

இந்த முறை விளக்கம், வருத்தம், வேண்டுகோள் எதுவும் இல்லாமல் நாலே வரி எழுதினேன். பாடத்தின் பெயர், தேதி, என் பதிவு எண், அப்புறம் 'கேள்விப் பகுதியின் அறிக்கையில் 75-வது நிமிடத்தையொட்டி என் பெயரில் முடிகிற கேள்வி இருக்கிறது, ரெக்கார்டிங்கில் இடைவேளைக்குப் பின் அது வாசிக்கப்படுகிறது, இரண்டையும் பாருங்கள்.' கூடவே லேப்டாப் திரையில் 6 சதவீதம் சுற்றிக்கொண்டிருந்ததை அன்றைக்கே எரிச்சலில் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்த படம், நேரத்தோடு. சாயங்காலமே ஒரு மனிதர் பதில் எழுதினார். பத்து நிமிடம் வரை துண்டிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு ஒரு உள்விதி இருக்கிறதாம், எனக்குப் போனது நான்குதான். தவறிய இரண்டு கேள்விகளுக்குப் பதிலாக அந்தப் பாடத்துக்கான தேர்வை மறுபடி எழுதச் சொன்னார், எழுதினேன். தேர்வு ஒன்றும் கஷ்டமில்லை.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. வந்த சர்டிஃபிகேட்டில் பெயர் சரி, லைசென்ஸ் எண் சரி, மணி நேரம் சரி, வகை என்ற இடத்தில் 'பதிவுசெய்த பாடம்' என்று இருந்தது! கையால் தயாரிக்கும்போது ரெக்கார்டிங் வாங்கியவர்களுக்கான படிவத்தை எடுத்துவிட்டார்கள் போல. நான் பார்க்காமல் அப்படியே ஏற்றியிருந்தால் என் குழு அந்த மூன்று மணி நேரத்தையும் தள்ளியிருக்கும். சர்டிஃபிகேட் வந்ததும் சந்தோஷத்தில் கோப்பில் போட்டு மூடாமல் பெயர், எண், தேதி, மணி நேரம், நேரலையா இல்லையா, அங்கீகார எண், இந்த ஆறையும் விரல் வைத்துப் படியுங்கள். மறுபடி மெயில், மறுபடி இரண்டு நாள், அப்புறம்தான் சரியானது வந்தது.

இன்னும் இரண்டு மூன்று சில்லறை விஷயம். கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் சர்டிஃபிகேட் திறக்கும், அதன் லிங்க் சில இடங்களில் ஒரு வாரத்தில் காலாவதி ஆகிவிடும், அந்த மெயில் பாதி நேரம் ஸ்பேமில்தான் கிடக்கும். உங்கள் சொந்த லிங்க்கை மொபைலிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் வேறு யாராவது உங்கள் லேப்டாப்பில் வகுப்பு பார்க்கிறார்கள் என்றால் உள்ளே போனதும் திரையில் யார் பெயர் தெரிகிறது என்று பாருங்கள், ஒருமுறை நான் முதல் கால் மணி நேரம் என் மகளாக இருந்திருக்கிறேன். துண்டித்துத் திரும்பி வந்தால் உடனே கேள்விப் பகுதியில் உங்கள் பெயரோடு ஒரு வரி எழுதிவிடுங்கள், அன்றைக்கு யாரும் பதில் சொல்லாவிட்டாலும் அது அங்கே நேரத்தோடு பதிவாகி நிற்கும்.

நேற்று எல்லாவற்றையும் ஏற்றி முடித்து அக்காவுக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். எடுத்ததும் முதல் வார்த்தையே, "நல்லவேளை நீயே கூப்பிட்ட" என்றார். ஒரே நேரத்தில் இரண்டு கருவியில் அவர் பெயர் இருந்ததால் அவருடைய சர்டிஃபிகேட்டை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், இரண்டாவது கருவியில் இருந்தது யார் என்று எழுத்தில் வேண்டுமாம். அந்த நாலு வரி மெயிலைத் தேடி எடுத்து, பெயரை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.