ஃபார்முலா சரி, கணக்கு ஏன் வரவில்லை?

மாதந்தோறும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல், வந்துவிடும். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் மாம்பலம், தியாகராய நகர்ப் பக்கம் உள்ள சிறிய கணக்கு அலுவலகங்களில் எக்செல் பற்றி அடிக்கடி கேட்கும் புகார், "சார், ஃபார்முலா எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு, டோட்டல் மட்டும் வரமாட்டேங்குது" என்பது. பெரும்பாலும் அந்தப் புகாரின் முதல் பாதி உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் அடைப்புக்குறியை எண்ணுவதிலும் ஃபார்முலாவை அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பதிலுமே நேரத்தைக் கழிக்கிறார்கள். ஃபார்முலாவைக் கடைசியாகப் பார்க்கலாம் என்பது என் கட்சி. கட்டத்தில் என்ன தெரிகிறது என்பதை முதலில் பார்த்தால், தேட வேண்டிய இடம் பாதிக்குமேல் குறைந்துவிடும்.

விடைக்குப் பதில் ஃபார்முலாவே எழுத்தாகத் தெரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஷீட் முழுவதும் அப்படித் தெரிந்து, பத்திகளும் அகலமாகிவிட்டிருந்தால், யாரோ கன்ட்ரோலுடன் எண் 1-க்கு இடப்புறம் உள்ள விசையைத் தட்டியிருக்கிறார்கள். மறுபடி தட்டினால் பழைய நிலை திரும்பும். ஒரு பத்தி மட்டும் அப்படி இருந்தால், அது டெக்ஸ்ட் என்று ஃபார்மட் செய்யப்பட்ட பத்தி. அதை ஜெனரல் என்று மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். ஃபார்மட்டை மாற்றுவதால் ஏற்கெனவே உள்ளே கிடக்கும் எழுத்து ஃபார்முலாவாகிவிடாது. எஃப்2 தட்டி என்டர் கொடுத்து அதை மறுபடி உள்ளிட வேண்டும். நூற்றுக்கணக்கான வரிகள் என்றால், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் சமக்குறியைத் தேடி அதே சமக்குறியாலேயே மாற்றச் சொன்னால் அத்தனையும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்.

எண் தெரிகிறது, ஆனால் அது பழைய எண் என்பதுதான் எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டும் நிலை. தொகையை மாற்றுகிறோம், கூட்டுத்தொகை அசையவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. காரணம், கணக்கிடும் முறை மேனுவலில், அதாவது நாம் சொன்னால்தான் கணக்கிடும் நிலையில், இருப்பது. இந்த அமைப்பு ஒரு கோப்புக்கு மட்டும் உரியதன்று. எக்செல்லைத் திறந்ததும் முதலில் எந்தக் கோப்பைத் திறக்கிறோமோ, அதன் முறையையே அடுத்துத் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் எக்செல் எடுத்துக்கொள்கிறது. பெரிய காஸ்டிங் கோப்பு வைத்திருக்கும் ஒருவர் வேகத்துக்காக மேனுவலில் வைத்து அனுப்பியிருப்பார். காலையில் அதை முதலில் திறந்துவிட்டால், அன்று திறக்கும் சம்பளப் பட்டியலும் கொள்முதல் பதிவேடும் மேனுவலாகி, சேமிக்கும்போது அதே அமைப்போடு சேமிக்கப்பட்டு, மின்னஞ்சலில் அடுத்தவருக்கும் போய்ச் சேரும். மழைக்கால ஜலதோஷம் பரவுவதைப் போலத்தான். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. மேனுவலில் இருந்தாலும் சேமிக்கும் நேரத்தில் எக்செல் ஒருமுறை கணக்கிட்டுவிடுவது அதன் இயல்பான அமைப்பு என்பதால், சேமித்த கோப்பைப் பார்ப்பவருக்குக் கோளாறு தெரிவதே இல்லை. சேமிக்காமல் நேராகப் பிரின்ட் எடுத்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். திரையின் அடிப்பட்டையில் கால்குலேட் என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். எஃப்9 அப்போதைக்குக் கணக்கிட்டுத் தரும். ஃபார்முலாஸ் பகுதியில் உள்ள கால்குலேஷன் ஆப்ஷன்ஸை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுவதே நிலையான தீர்வு.

அடுத்தது பூஜ்யம். வங்கிக் கணக்கு அறிக்கையை இறக்கி, கூட்டித்தரும் சம் (SUM) ஃபங்ஷனைப் போட்டால் 0 என்று வரும். சி2-வில் 4500, சி3-இல் 1200 இருக்கின்றன என்று கொள்வோம். சம் 0 காட்டுகிறது. அதே இரண்டு கட்டங்களையும் கூட்டல் குறியிட்டுக் கூட்டினால் 5700 வருகிறது. இது முரண்பாடு போலத் தோன்றினாலும் காரணம் எளிது: வரம்பாகக் கொடுத்த கட்டங்களில் எழுத்தாக உள்ளவற்றைச் சம் ஒதுக்கிவிடுகிறது, கூட்டல் குறியோ அவற்றை எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. வலப்பக்கம் ஒட்டியிருந்தால் எண், இடப்பக்கம் என்றால் எழுத்து என்ற அடையாளத்தை யாரேனும் நடுவில் சீரமைத்துக் கெடுத்திருக்கலாம் என்பதால், எண்தானா என்று சொல்லும் இஸ்நம்பர் போட்டுச் சோதிப்பதே மேல். எழுத்துதான் என்று தெரிந்துவிட்டால், ஏதாவது ஒரு கட்டத்தில் 1 என்று இட்டு, அதைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் மல்டிப்ளை கொடுத்தால் போதும்.

கூட்டல் குறிக்கும் மசியாமல் வேல்யூ பிழை வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது. கட்டத்தில் எத்தனை எழுத்து என்று எண்ணும் லென் போட்டால் நான்கு இலக்க எண்ணுக்கு 5 என்று காட்டும். இணையப் பக்கங்களிலிருந்து வரும் 160 என்ற குறியெண் கொண்ட இடைவெளிதான் வழக்கமான குற்றவாளி. உபரி இடைவெளிகளை நீக்கும் டிரிம் அதைத் தொடாது; ஒன்றை மற்றொன்றால் மாற்றும் சப்ஸ்டிடியூட் மூலம் நீக்க வேண்டும்.

2பி-யோடு கொள்முதல் பதிவேட்டை ஒப்பிடும்போது, ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித்தரும் வி-லுக்கப்பில் 'கிடைக்கவில்லை' என்ற என்/ஏ பிழை வருவதும் இதே கதைதான். ஒரு பக்கம் பில் எண் 452 என்ற எண்ணாகவும், மறு பக்கம் 452 என்ற எழுத்தாகவும் இருக்கும். இங்கே மட்டும் எண்ணாக மாற்றச் சொல்ல மாட்டேன். 0452 என்றும் 452/25-26 என்றும் பில் எண் போடுபவர்கள் இருக்கிறார்கள். இரு பக்கத்தையும் எழுத்தாக்குவதே முறை: கட்டத்தின் பெயருக்குப் பின் ஆம்பர்சண்டும் (&) வெற்று மேற்கோள்குறிகளும் ("") சேர்த்தால் எண் எழுத்தாகிவிடும்.

தேதிகள் இன்னும் மோசம். கணினி அமெரிக்க முறையில் இருந்தால், நம் முறையில் எழுதப்பட்ட 14/04 எழுத்தாகவே நின்றுவிடும், ஏனெனில் 14 என்ற மாதம் இல்லை. ஏப்ரல் 5-ஐக் குறிக்கும் 05/04-ஓ சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். எழுத்தாக நின்றது கண்ணில் படும், மாறிப்போனது படாது. அந்தக் கோப்பைத் தட்டிக்கொட்டித் திருத்தாமல் மூலத்தை மறுபடி இறக்கி, தேதிப் பத்திக்கு நாள்-மாதம்-ஆண்டு என்று குறிப்பிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஜெர்மனியிலிருந்து வரும் பட்டியல்களில் 1.250,50 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை. அதை எண்ணாக்க நம்பர்வேல்யூ என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

வாடிக்கையாளர் இன்னும் எக்செல் 2016 வைத்திருந்தால், அதில் இல்லாத, வி-லுக்கப்பின் புதிய வடிவமான எக்ஸ்-லுக்கப்பை நாம் போட்டு அனுப்பிய ஷீட் திறந்தவுடன் ஒழுங்காகத்தான் தெரியும். கட்டத்தைத் தொட்டுத் திருத்தியதும் நேம் பிழை வந்துவிடும். அதுவரை தெரிந்தது நம் கணினியில் கணக்கிட்டுச் சேமித்த பழைய விடை மட்டுமே. வெளியே போகும் ஷீட்டுகளில் இன்றும் நான் பழைய பதிப்புகளிலும் வேலை செய்யும் இண்டெக்ஸையும் மேட்ச்சையும்தான் பயன்படுத்துகிறேன்.