மிக்ஸியில் அரைத்தால் காகிதம் வருமா?

ஜிமிக்கி செய்வதற்காக வீட்டிலேயே காகிதம் செய்கிறேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது "எந்தச் செடியில்?" என்றுதான். வாழை மட்டை, கரும்புச் சக்கை, வைக்கோல், கோரை, எதில் வேண்டுமானாலும் செய்யலாம். எப்படி இடிக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதைப் பற்றித்தான் பேச ஆசை.

எனக்கு வாழைதான். பள்ளிகொண்டா பக்கம் சித்தப்பாவின் கழனியில் தார் வெட்டிய மரங்கள் சும்மா கிடந்து அழுகும். மட்டைகளை உரித்துக் காட்பாடிக்குக் கொண்டுவந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, மொட்டைமாடியில் காயப்போடுவேன். வாழையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஒரு மூட்டை காய்ந்ததும் ஒரு கைப்பை அளவுக்குச் சுருங்கிவிடும். வேலூர் வெயிலுக்கு நன்றி சொல்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காய்ந்த மட்டை ஒரு கிலோவுக்குச் சலவைச் சோடா ஏறக்குறைய 200 கிராம். எவர்சில்வர் அண்டாவில்தான் வேகவைக்க வேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்து இரு கையாலும் இழுத்தால் நார் நாராகப் பிரிய வேண்டும். அதுதான் பதம். அந்தக் கறுப்புத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றுவதில்லை. தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதற்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் எங்களுடையது. என் ஒரு அண்டாவால் ஆறு கெட்டுவிடாது, சரி. இருந்தாலும் ஆறவைத்து, வினிகர் விட்டுக் காரத்தை முறித்த பிறகே கொட்டுகிறேன்.

நாரை வழவழப்புப் போகும்வரை அலசிவிட்டு உரலில் போடுவேன். மிக்ஸியின் பிளேடு நாரைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அதில் வரும் காகிதம் மடித்த இடத்தில் பிட்டுக்கொள்ளும். உலக்கை வெட்டாது, நசுக்கும். நசுங்க நசுங்க நாரின் மேல்புறம் பிரிந்து மயிரிழைகளாக எழும்பும். காயும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது அந்த இழைகள்தான். போதுமா என்று பார்க்க, கண்ணாடி பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குவேன். கட்டி தெரிந்தால் மறுபடி உலக்கை. கீழ்வீட்டு அக்கா, "என்னம்மா, யாருக்குக் கல்யாணம், மாவு இடிக்கிறியா?" என்று மாடிப்படியில் நின்று கேட்பார்.

அப்புறம் பெரிய டப்பில் தண்ணீர், அதில் இடித்த நார்க் கூழ். வெண்டைக்காயை நறுக்கி ஊறவைத்த கொழகொழத் தண்ணீரும் கொஞ்சம் சேர்த்தால், நார் சீக்கிரம் அடியில் தங்காமல் மிதக்கும். கொசுவலை அடித்த மரச்சட்டத்தை முக்கித் தூக்கி, தண்ணீர் வடிவதற்குள் முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்ட வேண்டும். நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்வது அந்தச் சில நொடிகளில்தான். ஈரக் காடாத் துணியில் கவிழ்த்து, அடுக்கி, மேலே அம்மிக்கல் வைத்து அழுத்திப் பிழிய வேண்டும். காயவைக்க மட்டும் வெயில் ஆகாது, ஓரமெல்லாம் சுருண்டுகொள்ளும். கூடத்துச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

வாழை நார் நீளமானது, அதனால் ஜிமிக்கிக்கு நன்றாக ஈடுகொடுக்கிறது. ஈரத் தாளைக் கிழித்துச் சின்னக் குழிக் கரண்டியின் முதுகில் நாலைந்து அடுக்காகக் கஞ்சி தடவி ஒட்டினால், காய்ந்ததும் கூடு கழன்று வரும். வியர்வை இறங்காமலிருக்க மேலே தேன்மெழுகு. நிறத்துக்கு வெங்காயச் சருகை வேகவைத்த தண்ணீரும் படிகாரமும். மஞ்சளில் சாயம் போட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

தொங்கலுக்குக் குன்றிமணி கேட்பவர்கள் உண்டு. சிவப்பும் கறுப்புமாக யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் உள்ளே இருக்கும் பருப்பு கடும் விஷம். துளை போட்டால் ஓடு திறந்துவிடும், குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து. எவ்வளவு கொடுத்தாலும் செய்ய மாட்டேன். அதற்குப் பதில் கல்வாழைப் பூச்செடியின் விதை கோத்துத் தருகிறேன். கன்னங்கரேலென்று, பாலிஷ் போட்டதுபோல இருக்கும். என்ன, இரும்பு மாதிரி கடினம், கையில் பிடித்துத் துளைத்தால் வழுக்கிவிடும். மரக்கட்டையில் சின்னக் குழி தோண்டி, அதில் விதையை உட்கார்த்தித்தான் கைத்துரப்பணத்தைச் சுற்றுகிறேன்.